மாவில் போட்ட சிலுவை

போர்டிங்கில் சாப்பாட்டு மணி அடித்ததும் நாங்கள் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். அழுக்குப் பார்ப்பதற்காக இல்லை. போர்டிங் ஐயா குனிந்து ஒவ்வொரு கையாக மோந்து பார்ப்பார். "ம்" என்றால் உள்ளே போகலாம். "நில்லு" என்றால் அன்றைக்கு ஆறிப்போன களிதான்.

"ஓடைக்குப் போனயா?"

"இல்லீங்கய்யா."

"நண்டு புடிச்சிருக்கற. வலது கையில மட்டுந்தான் நாத்தம். அப்ப ஒன்னுதான் சிக்கியிருக்குது. சரியா?"

சரியாகத்தான் இருக்கும். பையன் அழ ஆரம்பிப்பான். அவர் அதற்குள் அடுத்த கைக்குப் போயிருப்பார்.

நேரில் அவரை ஐயா என்போம். மறைவில் மூக்கு என்போம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர் இல்லை அவர். போர்டிங்கையும், அறுபது பையன்களையும், சமையல்கட்டையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒல்லியான உடம்பு, காலர் இல்லாத வெள்ளைச் சட்டை, இடுப்பில் செருகின செபமாலை. செருப்புப் போட மாட்டார். மாதா கோயில் சாமியார் ஒரு முறை புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "சத்தம் கேட்டா எல்லாப் பையனும் நல்லவனாயிடுவான், சாமி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் போர்டிங் கடத்தூருக்கு மேற்கே இருந்தது. ஒரு கோயில், இரண்டு நீள ஓட்டுக் கொட்டகை, ஒரு கிணறு, சுற்றிலும் கள்ளி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வத்தல்மலை. நான் அங்கே சேர்ந்தது யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்னால். ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியே வந்தேன். நான் படித்தது அவ்வளவுதான். அதற்கு மேல் படிக்காமல் போனதிலும் அவருக்குப் பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் யாரையும் நம்ப மாட்டார். ஆனால் அவரை வெறும் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு முறை நல்ல வேட்டி சட்டை போட்ட ஒரு ஆள் வந்து, ஒரு பையனுக்குத் தாய்மாமன் என்றும், பையனின் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றும் சொன்னான். ஐயா அந்த ஆளைக் கிணற்றடியிலும் பையனைக் கோயிலுக்குப் பின்னாலும் நிறுத்தினார். இவனிடம் ஒரு கேள்வி, அவனிடம் அதே கேள்வி.

"உங்கூட்டு மாடு என்ன நெறம்?"

"எரும மாடுங்கய்யா, ஒன்னுதான்" என்றான் பையன்.

"செவலைங்க" என்றான் வந்தவன்.

அவன் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவன் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குச் சாமியார் ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கப்புறம் யார் வந்தாலும் இந்த மாட்டுக் கேள்விதான். அடுத்த மழைக்காலத்தில் ஒரு பையனின் சித்தப்பா மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். அண்ணன் இறந்துபோய்விட்டார், மகன் வர வேண்டும் என்றார். மாட்டின் நிறத்தைச் சரியாகச் சொன்னார். பையனுடைய காதுத் தழும்பு வலதா இடதா என்று கேட்டபோது மாற்றிச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டு வந்தவருக்கு வலது எது, இடது எது? ஐயா அனுப்பவில்லை. மறுநாள் ஊர்க் கடிதம் வந்து பையன் போய்ச் சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது. அவன் திரும்பி வந்து வரிசையில் நின்று கையை நீட்டினான். ஐயா அந்தக் கையையும் மோந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

இனி மாவுப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வாரத்தில் ஆறு நாள் கேழ்வரகுக் களி அல்லது கம்பங்களி. முதலில் எல்லாம் பக்கத்து ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் வந்து கல் எந்திரத்தில் கேழ்வரகை அரைத்துவிட்டுப் போவார்கள். அன்றைய மாவு அன்றைக்கே தீர்ந்துவிடும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் கடத்தூரில் எண்ணெய் இஞ்சின் மாவு மில் வந்தது. சனிக்கிழமை வண்டியில் மூட்டை போகும், சாயங்காலம் மாவாகத் திரும்பி வரும். ஒரு வாரத்து மாவு. அதைப் போட்டு வைக்கப் பெரிய மரப்பெட்டி ஒன்று செய்தார்கள். சமையல்கட்டில் உரலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தார்கள்.

சாமியார் வெள்ளைக்காரர். புத்தகத்தில் தமிழ் படித்தவர். "பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கித் தருகிறேன்" என்றார்.

"பூட்டு போட்டா திருடன் வர மாட்டான், சாமி. வந்தாத்தான அவன் யாருன்னு தெரியும்?" என்றார் ஐயா.

பூட்டுக்குப் பதில் அவர் ஒரு காரியம் செய்தார். சாக்கிலிருந்து மாவைப் பெட்டியில் கொட்டி, ஒரு பலகைத் துண்டால் விளிம்பு வரைக்கும் சமன் செய்வார். பிறகு ஆள்காட்டி விரலால் மாவின் மேல் சிலுவை போடுவார். சும்மா இரண்டு கோடு இல்லை. அடியில் மூன்று படி வைத்து, கோயில் பீடத்தில் இருக்கிற மாதிரியே போடுவார். யாராவது கைவிட்டு அள்ளினால் சிலுவை கலைந்துவிடும். கலைக்கிறவன் பாவத்துக்கும் பயப்பட வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மூடியைத் திறந்தார். மாவு நாலு விரல் இறங்கியிருந்தது. சிலுவை அப்படியே இருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் அதே மாதிரி சிலுவை போட்டார். ஞாயிற்றுக்கிழமை அதே மாதிரி நாலு விரல் குறைந்திருந்தது. அதே மாதிரி சிலுவை கலையவில்லை. அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எங்கள் கைகளை முன்னைவிட நீள நேரம் மோந்தார். எல்லாக் கையிலும் கேழ்வரகு வாசனைதானே வரும்?

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எங்களை எல்லாம் சமையல்கட்டில் நிறுத்தினார்.

"மாவை எடுத்துட்டு, சமன் பண்ணி, என் சிலுவையை மறுபடி போட்டு வச்சிருக்கான் ஒருத்தன். அச்சு அசல் என் கையி. கெட்டிக்காரன். யாரு போட்டதுன்னு இப்பத் தெரிஞ்சுடும்."

ஒரு முறத்தில் மாவைப் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொருவனாக வந்து அந்தச் சிலுவையைப் போட்டுக் காட்ட வேண்டும்.

எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. நன்றாகப் போட்டவன் செத்தான். ஒருவன் கூட்டல் குறி போட்டான். ஒருவன் படிக்குப் பதில் முட்டை முட்டையாகச் சுழித்தான். எனக்கு அந்தச் சிலுவை நன்றாகத் தெரியும். அவர் போடுவதைப் பெட்டிக்கு எதிரே நின்று ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன். இருந்தும் வேண்டுமென்றே கோணலாகப் போட்டேன். கை நடுங்கியது கொஞ்சம், நடுங்க விட்டது கொஞ்சம்.

எனக்கு அடுத்து வெள்ளையன். வத்தல்மலைப் பையன். வேதக்காரன் இல்லை, ஞானஸ்நானம் வாங்காதவன். அந்த மலையிலிருந்து எழுதப் படிக்க இறங்கி வந்த முதல் பையன் அவன்தான் என்று சாமியார் சொல்வார். ஐந்து முடித்ததும் அவனைச் சேலத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப எழுதி வைத்திருந்தார். போர்டிங்கில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதன். நான் பேசாததைப் பற்றி அவன் கவலைப்பட்டதில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசுவான். காலையில் உரலில் கம்பு இடிப்பது அவன் முறை.

அவன் உட்கார்ந்து, விரலை மாவில் வைத்து, ஒரே மூச்சில் போட்டான். நேரான கோடு. மூன்று படி. ஐயாவே போட்டது போல இருந்தது. எழுந்து பெருமையாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"எப்படிடா உனக்கு மட்டும் வந்துது?"

"நீங்க போடறதை ஒவ்வொரு வாட்டியும் பாக்கறனுங்கய்யா. நல்லா இருக்குமுங்க" என்றான்.

அவ்வளவுதான்.

அவனுடைய அப்பனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த சந்தைக்கு அவர் இறங்கி வரும்போது பையனைக் கூட்டிப் போய்விட வேண்டும் என்பது தீர்ப்பு. நடுவில் ஒரு வாரம் இருந்தது.

எனக்கு வேறு ஒரு விஷயம் தெரியும். அதற்கு முன்பே இரண்டு தடவை, நடுப்பகலில், மற்றவர்கள் ஞானோபதேச வகுப்பில் இருக்கும்போது, தண்ணீர் குடிக்க வந்த நான் ஐயாவைக் கள்ளி வேலியோரம் பார்த்திருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை நின்றாள். நெற்றியில் ஒரு வெள்ளைத் தேமல். ஐயா அக்கம் பக்கம் பார்த்துவிட்டு இலைப் பொட்டலம் ஒன்றை வேலிக்கு மேலாகக் கொடுத்தார். திருடுகிறவர் அவர்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தான் எடுத்துவிட்டுப் பையன்மேல் போடுகிறார். சிலுவையை மறுபடி அவரைத் தவிர யாரால் அப்படிப் போட முடியும்?

யாரிடம் சொல்வது? நான் வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்பேனே தவிர வாய் திறக்க மாட்டேன். எனக்கு வாய் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாவசங்கீர்த்தனம். மரச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் சாமியார். முகம் தெரியாது. சொன்னது வெளியே போகாது. சனிக்கிழமை முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலி, பொம்பளை, பொட்டலம், வெள்ளையன்.

சட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மகனே, இங்கே உன் பாவத்தைச் சொல். பிறர் பாவத்தைச் சொல்லாதே."

"சாமி, வெள்ளையன் எடுக்கல சாமி."

"இங்கே கேட்டதைக் கொண்டு வெளியே நான் ஒன்றும் செய்யக்கூடாது. என் நாக்கு கட்டப்பட்டிருக்கிறது. நீ இதையே என் அறைக்கு வந்து சொல். அப்போது நான் கேட்பேன். வருவாயா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சாமியார் அறை வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஐயா உட்காருகிற இடம் அது. யார் யார் பாவசங்கீர்த்தனம் பண்ணினார்கள் என்று பார்ப்பதற்காக. என்னைப் பார்த்ததும் கூப்பிட்டுக் கையைப் பிடித்தார்.

"கையி இப்படி வேர்த்திருக்குது. உள்ள என்னடா சொன்ன, இவ்வளவு நேரம்?"

"செபங்கய்யா."

"செபத்துக்கு வேர்க்குமா?"

நான் அந்த அறைக்குப் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. சாமியாரும் இதில் கூட்டு, அதனால்தான் நாக்கைக் கட்டினேன் காலைக் கட்டினேன் என்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தை நாள் வருகிறவரை சாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நின்று நின்று போனார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சந்தை நாளன்று வெள்ளையனின் அப்பன் வந்தார். இடுப்பில் ஒரு துண்டு, தோளில் சாமை மூட்டை. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"மாவா சாமி? எங்க மலையில வூட்டுக்குக் கதவே இல்லீங்க. யாருக்கு வேணுமோ எடுத்துக்குவாங்க. இவனுக்கு ஒளிச்சு எடுக்கத் தெரியாதுங்களே" என்றார்.

சாமியார் என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன். வெள்ளையன் தன் சிலேட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ வெச்சுக்க, அங்க எனக்கு எதுக்கு?" என்று சொல்லி அப்பன் பின்னால் போனான்.

அதற்கப்புறமும் சனிக்கிழமை மாவு ஞாயிற்றுக்கிழமை குறைந்துகொண்டுதான் இருந்தது. ஐயா அதற்காக வெள்ளையனை மறுபடி நினைத்துப் பார்க்கவில்லை. "கூட்டாளி இன்னும் உள்ளதான் இருக்கான்" என்றார். வருஷக் கடைசியில் சேலத்துக்கு அனுப்ப என் பெயரைச் சாமியார் எடுத்தபோது, ஐயா சொன்னது சன்னல் வழியாக என் காதில் விழுந்தது. "வாயே தொறக்காத பையன், சாமி. அவன் மனசுல என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" நான் ஊருக்குத் திரும்பினேன்.

பதினாறு வயதில் பொம்மிடி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு பொம்பளை டப்பாவைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள். "நெறைய அரைச்சுப் போட்டீங்க. வூட்டுக்குப் போயிப் பாத்தா நாலு வெரல் கொறையுது. எந்தத் திருட்டுப்பய எடுத்தான்?"

முதலாளி சிரித்தார். அப்போதுதான் அரைத்து வைத்திருந்த வேறு டப்பா ஒன்றை எடுத்து, அவள் கண் முன்னால் தரையில் மூன்று தடவை தட்டினார். விளிம்பு வரைக்கும் இருந்த மாவு நாலு விரல் இறங்கியது. "மெஷின் மாவு பொங்கி நிக்கும் ஆத்தா. ஆற ஆற, அசைய அசைய அமுந்துடும். யாரும் எடுக்கல" என்றார்.

நான் பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தோடு அப்படியே நின்றேன். மரப்பெட்டி. பக்கத்தில் உரல். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெள்ளையன் உலக்கையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறான். தரை அதிருகிறது. பெட்டி அதிருகிறது. சிலுவையோடு சேர்ந்து மாவு மெதுவாகக் கீழே போகிறது. அவன் எடுக்கவில்லை. ஐயாவும் எடுக்கவில்லை. ஒருவரும் எடுக்கவில்லை.

போர்டிங்குக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தபடியே வருஷங்கள் போய்விட்டன.

யுத்தம் முடிந்து, ரேஷன் முடியாத காலம். ஒரு காலையில் ஐயாவே மில்லுக்கு வந்தார். போர்டிங்கை விட்டுவிட்டார் என்று தெரிந்தது. தலை நரைத்திருந்தது. அப்போதும் செருப்பில்லை. பின்னால் தலையில் தகர டப்பாவோடு ஒரு கிழவி. அவள் நெற்றியில் வெள்ளைத் தேமல்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கேழ்வரகு மெஷினில் விழுந்ததிலிருந்து மாவு வருகிறவரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். டப்பா நிறைந்ததும் ஒரு அட்டையால் சமன் செய்தார். ஆள்காட்டி விரலை வைத்தார். மூன்று படியோடு சிலுவை.

"இப்படித்தான் பையா இவன்" என்றாள் கிழவி என்னிடம். "கூடப்பொறந்த அக்கா நானு. என் தலையில இருக்கற மாவுக்கே முத்திரை போடுவான். நடுவழியில நான் திம்பனாம், பச்சை மாவை!"

"நீ திங்க மாட்டேன்னு நான் எங்க கண்டேன்?" என்றார் அவர்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "ஐயா, நான் உங்க போர்டிங்குல இருந்தவனுங்க" என்றேன்.

அவருக்கு முன்னால் கிழவிக்குத்தான் சந்தோஷம். "அந்தப் போர்டிங்கா! அங்க கள்ளிக்கு வெளிய நின்னு இவன் சோத்தை வாங்கித் தின்னவ நானு. வேதத்துல சேந்துட்டான்னு எங்கூட்டுல இவனைச் சேத்துக்கல. எம் புருசன் செத்த வருசம். சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு வருவேன். தன் பங்குக் களியில பாதிய எலையில கட்டிக் குடுப்பான்."

என் மனதில் முதலில் எழுந்த கேள்வி, அது அவருடைய பங்குதானா என்பது. அந்தக் கேள்விக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

டப்பாவைத் தூக்கித் தரையில் மெதுவாக மூன்று தடவை தட்டினேன். சிலுவை கலையாமல் மாவு இறங்கியது.

"பாருங்கய்யா. யாரும் எடுக்கல. மாவு தானா அமுந்துது. அன்னைக்கும் இதேதாங்க. வெள்ளையன் பொட்டிக்குப் பக்கத்துல கம்பு இடிச்சான். அந்த அதிர்வுல எறங்கியிருக்குது. அவன் எடுக்கலீங்க." அதுவரைக்கும் என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினதில்லை.

அவர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

"தட்டுனா எறங்கும்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"இங்க வந்தப்புறந்தாங்க."

"அப்படித்தான் சொல்லுவ. இது தெரிஞ்சவன் எடுத்துட்டு, அமுந்துச்சுன்னு சொல்லிக்கலாமே. எவனோ எடுத்திருக்கான். எடுக்காம எப்படிக் கொறையும்? அந்த மலைப்பையன் எடுக்கலைன்னா வேற யாருடா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இன்னும் நூறு தடவை தட்டினாலும் அவர் கண்ணுக்குத் திருடன்தான் தெரிவான். அந்த இடத்தில் வேறு ஒருவன் வந்து நிற்காதவரை வெள்ளையன்தான் அங்கே நின்றுகொண்டிருப்பான்.

"நான்தானுங்கய்யா" என்றேன்.

"போட்டுக் காட்டு."

மாவைச் சமன் செய்தேன். விரலை வைத்தேன். கை நடுங்கவில்லை. நேரான கோடு, குறுக்குக் கோடு, அடியில் மூன்று படி.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ அந்தப் பேசாத பையன்தானே? அன்னைக்கு முறத்துல கோணலாப் போட்டியே" என்றார். எத்தனை வருஷம் கழித்து!

"ஆமாங்க. வேணும்னேதான் போட்டேன்." அது மட்டும் உண்மை.

என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். மில்லில் வேலை செய்கிறவன் கையில் என்ன வாசனை இருக்கும்? ஆனால் அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அவருடைய முகத்தில் நான் அதுவரை நிம்மதியைப் பார்த்ததே இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும். சாமிகிட்டயே சொன்னேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப அந்தப் பையன் எடுக்கல" என்றார்.

"எடுக்கலீங்க."

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "அவங்கப்பன் இன்னமும் கடத்தூர் சந்தைக்குச் சாமை கொண்டாறான். நான் போயிச் சொல்லிடறேன்."

கிழவி டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு, "அட பாவி, எடுத்தவன்கிட்டயேவா மாவு அரைச்சோம்!" என்று சிரித்துக்கொண்டே நடந்தாள். அவர் அவளுக்கு நாலடி பின்னால், டப்பாவையே பார்த்துக்கொண்டு போனார். சந்தைக்குப் போய்ச் சொன்னார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அந்தச் சனிக்கிழமை கோயிலில் முழங்காலிட்டேன். இப்போது வேறு சாமியார். உன் பாவத்தைச் சொல் என்றார். பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை தடவை என்றார். ஒரு தடவை என்றேன்.

அதற்காக மனம் வருந்துகிறாயா என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.